இரண்டு முதலாளிகளும் ஒரு துண்டும்

மூடி வைத்த பாத்திரத்தைக் கண்டால் திறந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர், எதற்குப் போகிறார், பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் அன்றைக்கு முழுக்க ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "உங்களுக்குச் சோறு வேணாங்க, சேதி போதும்" என்பாள். இப்படிப்பட்ட ஒருவனைப் பிடித்து, விலையைத் துண்டு போட்டு மூடிப் பேசுகிற இடத்தில் வேலைக்கு வைத்தால் அவன் பாடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுபதுகளில் திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அறுவடை முடிந்ததும் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் வண்டி வண்டியாக மூட்டை வந்து இறங்கும். சாக்கின் வாயைப் பிரித்து, கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உடைத்துப் பார்ப்பது என் வேலை. பருப்பு நிறைந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, மேலே நல்லதைப் பரப்பி அடியில் சொத்தையைத் திணித்திருக்கிறார்களா என்று பார்த்து, என்ன தரம் என்பதை முதலாளியிடம் சொல்வேன். கடைசியில் எடை போடுவதும் நான்தான். நடுவில் நடப்பது மட்டும் எனக்குக் கிடையாது.

நடுவில் நடப்பது விலை. எண்ணெய் மில்காரர்கள் வந்து குவியலைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எங்கள் முதலாளி பக்கத்தில் பெஞ்சில் உட்காருவார்கள். முதலாளி தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கையும் மறைகிற மாதிரி போடுவார். அன்றைக்கு ஊரில் பொதுவாக ஒரு விலை இருக்கும். அதற்கு மேல் எத்தனை ரூபாய் வேண்டும் என்பதை, எதிராளியின் விரல்களைப் பிடித்துச் சொல்லவேண்டும். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அத்தனை ரூபாய். அவர் பதிலுக்கு இவர் விரலைப் பிடிப்பார். வாய் திறக்கக் கூடாது. ஒருவர் கேட்ட விலை அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எப்போதோ ஏற்பட்ட வழக்கம் இது. மூட்டையைக் கொண்டுவந்த விவசாயி சற்றுத் தள்ளி நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்த விலை கணக்கரின் காதுக்குப் போன பிறகுதான் அவருக்கே தெரியும்.

முடிந்த விலை எனக்கும் தெரியும், எடை போடுகிறவன் ஆயிற்றே. ஆனால் யார் எதில் ஆரம்பித்தார், யார் முறுக்கினார், யார் இறங்கி வந்தார் என்பதெல்லாம் துண்டோடு போய்விடும். எனக்கு அதுதான் வேண்டும். பேரம் நடக்கும்போது முழங்கை அசைவதை வைத்து, புருவத்தை வைத்து, மில்காரர் எச்சில் விழுங்குவதை வைத்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒருநாளும் சரியாக வந்ததில்லை. தீபத்தின்போது கூடும் மாட்டுச் சந்தைக்கும் போய், மாடு வாங்குகிற யோசனையே இல்லாமல், அங்கே போடுகிற துண்டுகளையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு வருவேன். ஒருமுறை முதலாளியிடமே கேட்டுவிட்டேன், எனக்கும் ஒருநாள் துண்டு போடக் கற்றுக்கொடுங்கள் என்று. சாக்கைப் பாரு என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

முதலாளி அறுபதைத் தாண்டியவர். ஒல்லியான ஆள். வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பதுபோல் பேசுவார். மீசை அரும்பிய வயசில் அவரிடம் சேர்ந்தேன். அதிலிருந்து என் வேலையைப் பற்றி அவர் சொன்ன உச்சபட்சப் பாராட்டு "பரவால்ல" என்பதுதான். அவருடைய ஒரே மகன் வேலூரில் பாங்கு உத்தியோகத்தில் இருந்தான். மண்டிப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வான். ஆகவே அந்த மண்டியில் துண்டு போடுகிற கை ஒன்றுதான்.

நான் சொல்லவரும் வருஷத்துக்குக் கொஞ்சம் முந்தியே ஒரு தொந்தரவு ஆரம்பித்திருந்தது. எங்கள் மண்டிக் குவியல்கள் பக்கத்து மண்டியைவிடக் கம்மி விலைக்குப் போயின. ஒரே ஊர், ஒரே நிலம், ஒரே விதை; அண்ணன் அங்கே போட்டது ஒரு விலை, தம்பி எங்களிடம் போட்டது அதைவிட மூட்டைக்கு ஒன்றிரண்டு ரூபாய் மட்டு. தம்பிமார்கள் என்னைத்தான் முறைத்தார்கள், தரம் சொன்னவன் நான்தானே. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கண் மங்கிவிட்டதோ, ஈரத்தைத் தவறாகச் சொல்கிறேனோ என்று பயந்து, ஒரு பிடி பார்க்கிற இடத்தில் மூன்று பிடி எடுத்து உடைத்தேன். அப்படியும் விலை ஏறவில்லை. சில பேர் வண்டியைப் பக்கத்து மண்டிக்குத் திருப்ப ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மில்லின் முதலாளி என்னைக் காப்பிக் கடைக்குக் கூப்பிட்டார்.

எங்கள் மண்டிச் சரக்கில் பாதிக்கு மேல் வாங்குகிறவர் அவர். நாற்பது வயசு இருக்கும். சிரித்த முகம். சாக்குத் தூசியோடு நிற்கும் ஒருவனை எதிரில் உட்காரவைத்து ஒரு மில் முதலாளி காப்பி வாங்கித் தருவது சாதாரண விஷயமா? கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டேன். பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். இனிமேல் அவர் மில் வாசலிலேயே விவசாயிகளிடம் நேராகச் சரக்கு எடுக்கப்போகிறார். தரம் பார்த்து எடுக்க ஓர் ஆள் வேண்டும். சம்பளம் நான் வாங்குவதில் ஒன்றரைப் பங்கு. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் மண்டியிலோ அமாவாசைக்கு அமாவாசைதான் கதவு சாத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வேங்கிக்கால் பக்கம் மில்லை ஒட்டி ஒரு வீடு, உள்ளேயே தண்ணீர்க் குழாயோடு.

உடனே சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. இருந்தாலும் பிறந்த குணம் போகுமா? ஏன் என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உன் கண்ணுப்பா. இந்த டவுன்ல உன்ன மாதிரி சரக்கு பாக்கற ஆளு கிடையாது" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. பாதி வழியில்தான் அந்தச் சந்தேகம் காலைப் பிடித்து இழுத்தது. என் கண் அவ்வளவு நல்ல கண் என்றால், நான் தரம் சொன்ன குவியலுக்கு அதே மனிதர் ஏன் ஒரு வருஷமாகக் கம்மி விலை கொடுக்கிறார்?

மனைவியிடம் சொன்னபோது அவள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. குழாயைப் பற்றித்தான் கேட்டாள். நாங்கள் குடியிருந்த வீட்டுக்குத் தண்ணீர் தெருமுனைக் கைப்பம்பிலிருந்து வரவேண்டும். விடிவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைக்காவிட்டால் ஒன்பது மணிக்கு நாலு பேரோடு சண்டை போட்டுத்தான் ஒரு குடம் கிடைக்கும். இடுப்பில் குழந்தையும் தலையில் குடமுமாக அவள் வருவதை நான் தினமும் பார்ப்பேன். பார்ப்பேன், அவ்வளவுதான்.

அமாவாசை லீவன்று அந்த வீட்டைப் போய்ப் பார்த்தோம். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு முருங்கை. நான் பக்கத்து வீடுகளுக்குப் போய் மில்லில் சம்பளம் தேதிக்கு வருகிறதா, முதலாளி கோபக்காரரா, ஞாயிற்றுக்கிழமை லீவு நிஜமா என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் துளைத்துவிட்டேன். எல்லாம் நிஜம்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தபோது என் மனைவி குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முதலில் உர்ரென்று காற்று வந்து, அப்புறம் துருக் கலங்கலாக வந்து, கடைசியில் சுத்தமான தண்ணீர் வந்தது. அவள் அதை உடனே மூடவில்லை. வீணாகப் போகிறது என்று சொல்ல வாயெடுத்த நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அன்றைக்கே முடிவு ஆனதுபோலத்தான். தை பிறந்ததும் சேர்ந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

திருவண்ணாமலையில் காப்பிக் கடையில் பேசியது தேரடி வரைக்கும் போவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் நான் சாக்கைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் என்னவோ கேட்க வருகிறார், கேட்காமல் போகிறார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானே பேச்சை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி வண்டி போன பிறகு, கணக்கரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டுப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவர் துண்டை எடுத்தார். என் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து அதன்மேல் போட்டார்.

எத்தனை வருஷமாக வெளியே நின்று பார்த்த துண்டு! உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண்ணுக்கு வழியில்லை, கையால்தான் பார்க்கவேண்டும். அவருடைய விரல்கள் என் விரல்களைத் தேடி வந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வந்து பிடித்தன. மற்ற விரல்கள் வந்தன, ஆனால் மடங்கவில்லை. காய்ந்த குச்சிபோல் விறைத்து என் கைமேல் உரசிக்கொண்டு நின்றன. அவர் முயற்சி பண்ணுகிறார் என்பது தோள்பட்டை நடுங்குவதிலிருந்து தெரிந்தது. என் சுண்டுவிரலைப் பிடிக்க வந்த பிடி, அதைப் பிடிக்க முடியாமல் நழுவி விட்டுவிட்டது.

சம்பளம் சொல்கிறார் என்று புரிந்தது. எவ்வளவு என்று புரியவில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. துண்டை எடுக்காமலே வாயால் சொன்னார்.

"அவன் குடுக்கறத நானும் குடுக்கறேன். துண்டு இனிமே உன்னுது. இரு."

அவ்வளவுதான். வீடு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, குழாய் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அப்போது இரக்கமா வந்தது என்றால், இல்லை. விறுவிறுப்புத்தான் வந்தது. ஒரு வருஷமாக என்னைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வியின் நுனி கையில் சிக்கிவிட்டது. கொஞ்ச நாளாக அவர் பேரம் இல்லாத நேரத்திலும் கையைத் துண்டால் மூடியே வைத்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளிருக்கு என்று நினைத்திருந்தேன். விலையை மறைக்கப் போட்ட துணி, கையை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாள் முழுக்க அந்தப் பெஞ்சுக்கு எதிரில் நின்றுகொண்டு, முழங்கையையும் புருவத்தையும் அளந்துகொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

சரி, எனக்குத் தெரியவில்லை. ஆனால் துண்டுக்கு அடியில் கை வைத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

மறுநாள் மதியம் மில்லுக்குப் போனேன். மில் முதலாளி ஆபீசில் இருந்தார். நான் சேருகிற தேதி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். எனக்கும் அவர்மேல் அதுவரை ஒரு கசப்பும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் போனேன். எங்கள் முதலாளி எனக்குத் துண்டு தருகிறேன் என்கிறார் என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் ஒரு சின்னக் கவலை தெரிந்து மறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அவர் கை சரியில்லைபோல் இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நம் ஆள் என்று நினைக்கிறவனிடம் சிரிக்கிற சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேஜைமேல் கிடந்த துண்டை எடுத்து என் கைமேலும் தன் கைமேலும் போட்டார். உள்ளே அவருடைய மூன்று விரல்கள் அப்படியே விறைத்துக்கொண்டு என் கையைத் தேடின. முந்தின நாள் சாயங்காலம் நான் தொட்ட அதே கை. அச்சு அசல் அப்படியே நடித்துக் காட்டினார். எத்தனை தடவை அந்தக் கையைப் பிடித்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வரும்!

"அவரு நாலு பிடிக்கறாரு. என் கையில விழறது ரெண்டு, ஜாஸ்தி போனா மூணு. கையில விழறதுதான எனக்கு விலை?" என்றார்.

"நாலா, மூணானு ஒரு வார்த்தை கேக்கலாமேங்க?"

"துண்டு போட்டப்புறம் பேச்சு ஏதுப்பா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. வழக்கம் அதுதான். துண்டை எடுத்த பிறகு நான் பிடித்தது நாலு, நீ பார்த்தது மூன்று என்று எவனாவது சண்டைக்குப் போனால் மண்டித் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். அதைவிட, ஏன் அப்படி ஆயிற்று என்று எல்லோரும் அந்தக் கையைப் பார்ப்பார்கள். அவர் மேலே பேசிக்கொண்டே போனார். இன்னும் ஒரு வருஷம் பெரியவரே துண்டு போட்டால் போதும், அதற்குள் விவசாயிகள் எல்லாம் மில் வாசலுக்கு வந்துவிடுவார்கள், நீ அங்கே இருந்து என்ன செய்யப்போகிறாய் என்றார். என் கண்ணைப் பற்றி மறுபடியும் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார்.

அதையும் நிஜமாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். என் கண் அவருக்கு வேண்டும். அதைவிட, என் கை அந்தத் துண்டுக்கு அடியில் போகாமல் இருக்கவேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டையும் வாங்கப் பார்த்தார். கெட்டிக்காரர். காப்பி வந்தது. நான் குடிக்காமல் எழுந்தேன்.

ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு முடிவு எடுக்க நான் தனி ஆள் இல்லையே. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற ஒரு சட்டியில் பிடித்து வைத்தாள், வழக்கம்போல. அவள் மனசு அந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ வேண்டும் என்றால் போகலாம், யார் எக்கேடு கெட்டால் நமக்கு என்ன என்றும் சொன்னேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

"எங்கப்பா போன மாசம் ரெண்டு வண்டி போட்டாரே. அதும் அந்தக் கையிலதான் போச்சா?" என்று கேட்டாள்.

மாமனாருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம். மருமகன் வேலை செய்கிற மண்டி என்று வேறு எங்கும் போகாமல் எங்களிடமே போடுவார். அவர் சரக்கை உடைத்துப் பார்த்து நல்ல தரம் என்று சொன்னவன் நான். விலை முடிந்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, காசை வாங்கி மடித்துக்கொண்டு போனார். ஆமாம், பெரிய மில்தான் எடுத்தது என்றேன்.

"மல்லாட்ட சொத்தையாயிடுச்சாம், நிலத்துல சத்து போயிடுச்சாம். வந்து உக்காந்து அப்டி அழுதாருங்க. உங்களாண்ட சொல்லாதனு சொல்லிட்டுப் போனாரு."

அவர் அழுதது எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோருடைய சேதியும் தெரிந்த எனக்கு என் வீட்டில் நடந்தது தெரியவில்லை. அவள் உலையில் அரிசியைப் போட்டாள். குழாய் நன்றாகத்தான் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். பிறகு, காலையில் நேரத்தோடு மண்டிக்குப் போங்கள் என்றாள். அவள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் கதவு திறக்கும்போதே போய்விட்டேன். முதலாளி சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுத் திரும்பினார். இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதோடு விட்டிருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருக்கவேண்டும். எனக்கு அவர்மேலும் ஆத்திரம் இருந்தது. பெரிய மில்காரர் செய்வது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தே சும்மா இருந்தீர்களா என்று கேட்டேன். சம்பளம் கொடுக்கிறவரிடம் பேசுகிற குரலில் கேட்கவில்லை.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக் காட்டினார். பகல் வெளிச்சத்தில் அந்த விரல்களை நான் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். மூட்டெல்லாம் வீங்கி, மூன்று விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"தெரியும்பா. கை போனவன்னு தெரிஞ்சா எவன் இங்க வண்டி ஓட்டினு வருவான்? இன்னைக்கு சரியாயிடும், நாளைக்கு சரியாயிடும்னு இருந்துட்டேன்."

வெளியே முதல் வண்டி வந்து நின்றது. நான் போய்ச் சாக்கைப் பிரித்தேன். அடி அண்ணாமலை விவசாயி ஒருவர். வருஷா வருஷம் எங்களிடம் வருகிறவர். போன வாரம்தான் பாதிச் சரக்கைப் போட்டிருந்தார். மீதியை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதே நிலம், அதே மல்லாட்டை. ஒரு பிடி எடுத்து உடைத்தேன், பருப்பு தோலை முட்டிக்கொண்டு இருந்தது. இரண்டாவது பிடி எடுக்கவில்லை.

மில்காரர்கள் வந்தார்கள். முதலாளி என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தோளில் கிடந்த துண்டைக் கொடுத்துவிட்டுத் தான் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பெரிய மில் முதலாளி வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு அதே சிரித்த முகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். நான் துண்டைப் போட்டேன்.

விரல்களைத் தேடிப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதைக் கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தேன். அவர் என் இரண்டு விரலைப் பிடித்தார். நான் மறுபடியும் நாலு. அவர் மூன்று பிடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குவியலைப் பார்த்தேன். கடைசியில் அவர் கை என் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி விட்டது. அத்தனை வருஷம் நான் மண்டையை உடைத்துக்கொண்ட ரகசியம் அவ்வளவுதான். வெறும் விரல்கள், வேர்வை, விடாப்பிடி.

கணக்கர் விலையைச் சொன்னதும் அந்த விவசாயி நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். பிறகு தராசுப் பக்கம் நின்ற என்னிடம் வந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"என்னாப்பா, ஒரு வாரத்துல மல்லாட்ட விலை இவ்ளோ ஏறிடுச்சா?"

பக்கத்து மண்டியில் போன வாரமும் இதே விலைதான். அதற்கு முந்தின வாரமும் இதேதான்.

"ஆமாங்க. ஏறிடுச்சு" என்றேன்.

அண்ணாமலையார் கண்ணைத் திறந்தார் என்று சொல்லிக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, போன வாரமே எல்லாவற்றையும் போட்டுத் தொலைக்காமல் பாதியையாவது நிறுத்தி வைத்தோமே என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு அவர் வண்டியில் ஏறினார். நான் திருப்பிக் கொடுத்திருந்த துண்டுக்குள் முதலாளி கையை இழுத்துக்கொண்டார். நான் அடுத்த சாக்கின் வாயைப் பிரித்தேன்.